சார் இல்லாத வாக்கியம்

என் பணிக்காலத்தில் நான் மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்த நோயாளி ஒருவர், ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே ஒற்றைக் கண்ணைத் திறந்து, "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப் போனார். நம்பினால் நம்புங்கள். அன்று தியேட்டருக்குள் கேட்ட வாக்கியத்துக்குப் பிணவறையில் இருப்பவர்களே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள், என் மருந்து எம்மாத்திரம்? அந்த வாக்கியத்தில் 'சார்' இல்லை.

எங்கள் தலைமை அறுவை மருத்துவருக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தோம். அவர் தும்மினால் கீழ்த்தளத்து மருந்துக் குப்பிகள் தாமாகவே வரிசையில் நிற்கும். இடி என் மனைவியின் அண்ணன் வேறு. வீட்டில் அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை. ஒரே காரில்தான் வேலைக்கு வருவோம். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும், சொல்லிக்கொண்டிருக்கிற வாக்கியத்தின் நடுவிலேயே மச்சான் சாராகிவிடுவார். வாய் வரை வந்த நக்கலை நான் விழுங்கிவிடுவேன்.

நான் மட்டுமல்ல, அங்கே சார் போடாமல் எவரும் மூச்சு விட முடியாது. பயிற்சி மருத்துவர்கள் இடியிடம் நேரே பேசக் கூடாது என்பது துறையின் வழக்கம். எதுவானாலும் துணை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவர் மேலே சொல்வார். துணை மருத்துவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். கீழேயிருந்து வருகிற செய்தியை அவர் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துத்தான் மேலே அனுப்புவார். "ரத்தம் நிக்கல" என்று கிளம்பிய செய்தி, "கொஞ்சம் ஈரமா இருக்கு சார்" என்று ஊர்ந்து போய், "உங்க கை பட்டாலே சரியாயிடும் சார்" என்று இடியின் காதில் போய் இறங்கும். அவரும் பெருமையாகத் தலையை ஆட்டுவார். இத்தனைக்கும் அவர் கை நல்ல கை. அதனால் அதுவரை ஒப்பேறி வந்தது.

அந்த வருஷம் பயிற்சிக்குக் குச்சி வந்து சேர்ந்தாள். அவ்வளவு ஒல்லி. கையுறை மாட்டினால் கையுறைதான் கண்ணுக்குத் தெரியும். நான் சொல்கிற சம்பவத்தின்போது அவள் பயிற்சி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இடி 'தேறினாள்' என்று சொன்னால் மருத்துவர். சொல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே கும்பிடு.

அன்றைக்குப் பித்தப்பையை எடுக்கிற ஆபரேஷன். வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுச் செய்வது. கேமராவைப் பிடித்திருந்தவள் குச்சி. இடி திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு குழாயைக் கிளிப்பால் மூடப் போனார். நான் நோயாளியின் தலைமாட்டில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குச்சி ஆமாஞ்சாமியிடம் முணுமுணுப்பது காதில் விழுந்தது. அது பித்தப்பைக் குழாய் இல்லை, கல்லீரலிலிருந்து வருகிற பெரிய குழாய் என்றாள். அதை மூடினால் நோயாளியின் வாழ்க்கையே நாசம். ஆமாஞ்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே அனுப்பிய செய்தி இது:

"படம் ரொம்பத் தெளிவா இருக்கு சார்."

"தெரியுது" என்றார் இடி. கிளிப்பின் வாய் குழாயை நெருங்கியது.

"நிறுத்துங்க. அது பெரிய குழாய்."

குச்சி சொன்னதில் மன்னிக்கணும் இல்லை, ஒரு சின்ன சந்தேகம் இல்லை, சார் இல்லை. கட்டடம் ஒரு அடி கீழே இறங்கியது. செவிலியர் கையிலிருந்த கத்தரிக்கோல் நடுங்கியதில் அடுத்த வார்டில் தந்தி வாத்தியக் கச்சேரி என்று நினைத்தார்களாம். இடியின் கை பின்னுக்கு வந்தது. வந்ததை நான் பார்த்தேன். கொழுப்பைக் கொஞ்சம் விலக்கினார். உண்மையான பித்தப்பைக் குழாய் அதன் அடியில் மெல்லிசாக ஒளிந்திருந்தது. அதை மூடி, வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

கை கழுவும் இடத்தில் ஆமாஞ்சாமி அவளைப் பிடித்துக்கொண்டார். உடனே போய்க் காலில் விழு என்றார். சார் போடாததற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன், நிறுத்தச் சொன்னதற்குக் கேட்க மாட்டேன் என்றாள் குச்சி. ஆமாஞ்சாமி நேரே ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் புகார் கொடுத்துவிட்டார்: தலைமை மருத்துவரை அதட்டினாள், அடக்கமில்லாதவள், இன்னொரு வருஷம் படிக்கட்டும்.

விசாரணைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒரு பொடி மசாலாகூடச் சேர்க்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கண்காணிப்பாளர் அம்மா புன்னகையோடு கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா அதுல பத்துல ஒண்ணுதான் நிசம்னு ஆஸ்பத்திரிக்கே தெரியும் டாக்டர்" என்றார். என் வாய் எனக்கே ஆப்பு வைத்துவிட்டது. இடியின் கை தவறியதே இல்லை என்று ஆமாஞ்சாமி சத்தியம் செய்யாத குறை. செவிலியரோ தன் கண் கத்தரிக்கோலில் இருந்தது என்று நழுவிக்கொண்டார். அந்தக் காலக் கேமரா இயந்திரம் எதையும் பதிவு செய்து வைக்காது.

மிச்சம் இருந்தவர் இடி ஒருவர்தான். காரில் வரும்போதே அவரைக் கேட்டிருந்தேன். "நானே நிறுத்தத்தான் போனேன் மாப்ள. அவ முந்திக்கிட்டா. நீங்க கதை கட்டாதீங்க" என்றார். வீட்டிலும் அதையே சொல்லியிருந்தார். தங்கைக்காரி அண்ணன் பக்கம்.

விசாரணையிலும் அதையேதான் ஆரம்பித்தார். சார் போடாததைத் தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடலாம் என்றார்.

கண்காணிப்பாளர் அம்மா விடுகிறவர் இல்லை. "அப்ப உங்க கை சரியாத்தான் இருந்துச்சு. சரியா இருந்த கையை எதுக்கு இந்தப் பொண்ணு நிறுத்தணும்? நான் இவளை இன்னொரு வருஷம் நிறுத்தி வைக்க வேண்டியதுதான்."

குச்சி எழுந்து நின்றாள்.

"இன்னொரு வருஷம் படிக்கிறேன் மேடம்" என்றவள் இடியின் பக்கம் திரும்பினாள். "ஆனா அடுத்த தடவையும் அப்படித்தான் சொல்வேன் சார். சார்னு ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள கிளிப் மூடிடும் சார்."

பெற்ற பிள்ளை மேடை ஏறியதுபோல எனக்கு நெஞ்சு விம்மியது. அன்றைக்குச் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்து ஜன்னல் கண்ணாடியில் பட்டது, வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள், தைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

இடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குள் ஒருநாளும் கூப்பிடாதபடி, எல்லோர் முன்னாலும் "மாப்ள" என்றார். அப்புறம் கண்காணிப்பாளர் அம்மா பக்கம் திரும்பினார்.

"இவ தேறிட்டா, எழுதிக்குங்க. இனிமே தியேட்டருக்குள்ள எனக்கு யாரும் சார் போட வேண்டாம். நான் கத்தி, இவ கேமரா, இவர் மயக்கம். யாரு எதைப் பார்த்தாலும் நேரா எங்கிட்ட சொல்லணும், நடுவுல ஆள் வேண்டாம்." ஆமாஞ்சாமி பழக்கதோஷத்தில் "ஆமாம் சார்" என்றார். இடி அதைக் காதில் வாங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் அவரிடம் கேட்டேயிராத சின்னக் குரலில் சொன்னார்:

"என் மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் நிசம்தாம்மா. நான் நிறுத்தப் போகல, மூடப் போனேன். நிறுத்துனது இந்தப் பொண்ணுதான்."