தைலம்மாளின் நூறு

வெள்ளிமலையில் நூற்றை மூன்றாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு நாற்பது வரும், மிச்சம் விழாது. தைலம்மாள் எண்ணிய நூறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் இரண்டு கையிலும் ஆறாறு விரலோடு பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் பத்தோடு கையை மூடச் சொன்னபோது, மீதி இரண்டு விரல் என்ன பாவம் செய்தது என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து நம் பன்னிரண்டுதான் அவளுக்குப் பத்து. பத்துப் பத்து சேர்ந்தால் எல்லோரையும் போல அவளும் நூறு என்றுதான் சொல்லுவாள். நம் கணக்கில் அது பன்னிரண்டு பன்னிரண்டு, நூற்று நாற்பத்து நான்கு.

அப்பா மூக்கன் நூறு பலாமரங்களையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுப் போனார். அந்த நூறு நம்முடைய நூறு. தம்பிகள் தங்கதுரையும் ராஜேஷும் காரியம் முடிந்த கையோடு தோப்பைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். மூன்றாகப் பிரித்தால் ஒரு மரம் மிச்சம் நிற்கிறது, இரண்டாகப் பிரித்தால் ஐம்பது ஐம்பதாகச் சுத்தமாகப் போகிறது. ஆகவே அக்காளுக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டினார்கள். பேராசை என்று யாரும் வாய் திறக்க முடியாது பாருங்கள், கணக்கே அப்படி! ஊர்ப் பெரியவர் தெய்வசிகாமணியும் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். தைலம்மாள் புருஷன் இல்லாதவள், தோப்பு போனால் கரும்பு வெட்டக் கீழே இறங்க வேண்டியதுதான்.

"நான் ஒரு வாட்டி எண்ணிக்கினு வந்துடறேன். அப்புறம் பிரிச்சிக்கோங்க," என்று எழுந்தாள்.

ஒவ்வொரு மரமாகத் தொட்டு, விரல் மடக்கி எண்ணினாள். ஊரே பின்னால் போயிற்று. மரம் தீர்ந்தது, அவளுடைய நூறு தீரவில்லை. அவள் நிற்கவுமில்லை. வெறும் இடத்தில் கையை நீட்டினாள், கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு மரம் இருந்தது. அதற்கடுத்தும் இருந்தது. பட்டையில் பழைய அரிவாள் வெட்டு, அடியில் எறும்பு, தொங்குகிற காய், எல்லாம் மற்ற மரங்களுக்கு உள்ளபடியே. நூறு என்று சொல்லி அவள் கையை உதறியபோது தோப்பு ஓடைக்கரை வரை போயிருந்தது. அந்த வருஷம் கச்சிராயபாளையம் சந்தையில் பலாப்பழம் விலை கொஞ்சம் இறங்கியது.

ராஜேஷ் தன் பத்து விரலால் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். "இப்பவும் ரெண்டாப் பிரியுதேக்கா," என்றான் மெதுவாக.

"பிரியட்டுமே. மூணாவும்தான் பிரியுது, ஒத்த மரம் மிச்சமில்ல. இனிமே இன்னா சாக்குடா சொல்லுவ?"

ஆளுக்கு நாற்பது என்று தைலம்மாள் சொன்னாள், தம்பிகள் நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு என்று எண்ணிக்கொண்டார்கள், யாருக்கும் குறைவில்லை. ராஜேஷுக்கு இப்போது இரண்டு மகள்கள், ஒரு மகன். தன் காலத்துக்குப் பின் பங்கு பிரிக்கிற அன்றைக்கு அக்காதான் வந்து எண்ண வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறான். அவளும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள், கோழிக் குழம்பு வைத்தால்.