பூட்டு யார் கையில்

வண்டிப்பெரியார் பாலியேட்டிவ் சங்கத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது ஒருவர் ரோசிக்குப் போன் போட்டாக வேண்டும். போட்டால்தான் நோயாளிகளின் கோப்பு திறக்கும்.

தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயங்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற சங்கம் அது. அதை நடத்தியவர் ரோசியின் புருஷன் ஏசுதாஸ். இந்த மழையில் காகிதம் ஊறிக் கூழாகிறது என்று சொல்லி எட்டு வருடத்துக்கு முன்னால் எல்லாக் குறிப்பையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். தன் சொந்த மெயில் கணக்கில்தான் போட்டுவைத்தார். அன்றைக்கு அதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை. பல பேர் உட்காரும் கம்ப்யூட்டர், நோயாளியின் விஷயம் வெளியே போகக் கூடாது, ஆகவே வேலை முடிந்ததும் கணக்கை மூடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவரே. மறுபடி திறக்கும்போது அவர் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் வரும். அதைத் தட்டினால் உள்ளே போகலாம்.

போன ஜூலையில் ஒரு நோயாளி வீட்டிலிருந்து திரும்பும் வழியில், ஜீப்பில் உட்கார்ந்தபடியே அவர் செத்துப்போனார். போனை ரோசி எடுத்து வைத்துக்கொண்டாள். நம்பர் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது.

சங்கத்தின் செயலாளர் பொறுப்பு எப்சிபாவுக்கு வந்தது. முதல் நாள் அவள் தயங்கித் தயங்கித்தான் ரோசியைக் கூப்பிட்டாள். மாதம் இரண்டு போவதற்குள் அது ஒரு முறையாகிவிட்டது.

"எப்சியா? இரு பிள்ளே, கண்ணாடி எடுத்துட்டு வாரேன்."

கண்ணாடி கழுத்தில்தான் தொங்கும். அது எப்சிபாவுக்குத் தெரியும்.

"யாருக்கு இன்னைக்கு?"

"அழகுத்தாய்க்குக்கா."

"கஞ்சி குடிக்காளா?"

"ரெண்டு கரண்டி."

"முந்தாநாள் நாலு குடிச்சான்னு சொன்னியே. சரி, எழுதிக்க. நாப்பத்தேழு. பதிமூணு. எம்பது."

ரோசிக்கு ஒரே மகள். நிமி. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. ஞாயிறுதோறும் கூப்பிடுவாள், சில ஞாயிறு மறந்துவிடுவாள். லயத்துக்குள் ரேஞ்சு கிடையாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு கல் உண்டு, அதில் உட்கார்ந்தால் இரண்டு கட்டம் வரும். சங்கத்து அறை ஒன்பது மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடும் என்பதால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ரோசி அந்தக் கல்லில் இருப்பாள். மழையானால் குடையோடு இருப்பாள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கேட்டால், "எனக்கு டூட்டி" என்பாள்.

பிப்ரவரியில் கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஒரு பட்டை வந்தது. இடம் நிறைந்துவிட்டது, இனி ஒரு கோப்புகூட ஏறாது.

பஸ் ஸ்டாண்டில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜின்சன்தான் கமிட்டியில் இந்த விவரம் தெரிந்தவன். கமிட்டியில் பாதிப் பேர் எஸ்டேட்டில் ரிட்டயரானவர்கள். அவர்களுக்குப் புரியும்படி அவன் இரண்டே வார்த்தையில் சொன்னான். ஒன்று பெட்டி, இன்னொன்று ஆபீசு. பெட்டி என்றால், ஏசுதாஸ் கணக்கிலேயே கூடுதல் இடம் வாங்கிக்கொள்வது. இருக்கிற கோப்பெல்லாம் இருக்கிற இடத்திலேயே கிடக்கும். ஆபீசு என்றால் புதுசாகக் குடியேறுவது. சங்கத்தின் பேரில் ஆளுக்கொரு மெயில், ஆளுக்கொரு சாவி, எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று வரம்பு, யார் வீட்டுக்கு என்றைக்குப் போவது என்று காலண்டர், எல்லாம் ஒரே கூரைக்குள். தர்மச் சங்கங்களுக்கு அது சும்மாவே கிடைக்கும். பதிவுப் பத்திரங்களை அனுப்பிவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், பன்னிரண்டு தொண்டர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். தொல்லை அவ்வளவுதான்.

"பெட்டிக்குப் பூட்டு ஒண்ணு, சாவி ஒண்ணு. அந்தச் சாவி செத்த மனுசன் போன்ல கெடக்கு. இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?" என்றான் ஜின்சன்.

"அப்படிப் பேசாதல" என்றாள் எப்சிபா.

"ஏசுதாஸ் அண்ணன்மேல எனக்கும் மரியாத உண்டு. அதுக்காக, சொர்க்கத்துல இருந்து ஓடிபி வருமா?"

ரிட்டயரான கங்காணி ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவரும்படி கமிட்டி எப்சிபாவிடம் சொன்னது.

அவள் கட்டம் போட்டு எழுதினாள். இடம் எவ்வளவு, ரேஞ்சு இல்லாத லயத்தில் திறக்குமா, கற்றுக்கொள்ள எத்தனை நாள், வயசானவர்களுக்கு ஒத்துவருமா. ஐந்தாவது வரியாக, பூட்டு யார் கையில் என்று அடித்தாள். ஆபீசின் கட்டத்தில் 'சங்கத்தின் கையில்' என்று போட்டாள். பெட்டியின் கட்டத்தில் 'ரோசி அக்கா' என்று போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைப் படித்தால் கமிட்டி ஐந்து நிமிடத்தில் ஆபீசு என்று கைதூக்கும். அதற்கப்புறம் அந்தக் கல்லில் உட்கார ரோசிக்கு ஒரு காரணமும் இருக்காது.

அந்த வரியை முழுதாக அழித்தாள்.

கூட்டத்தில் ஜின்சன் தாளை இரண்டு தடவை பார்த்தான். "ஒரு வரி குறையுதே அக்கா."

"ஒரு பக்கம்தானல கேட்டாங்க. இடமில்ல."

பெட்டி ஜெயித்தது. புதுசாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே பாதிப் பேருக்குப் போதுமாக இருந்தது. வெளியே வந்ததும் ஜின்சன், "சரி, பெட்டின்னா பெட்டி. அந்த நம்பரயாவது உங்க போனுக்கு மாத்திப்போடுங்க. அஞ்சு நிமிச வேல" என்றான்.

"மாத்துறேன்" என்றாள் எப்சிபா. மாற்றவில்லை. அடுத்த வாரம் மாற்றலாம் என்று ஐந்து வாரம் போனது.

மார்ச் கடைசியில் ஒரு புதன்கிழமை கணக்கு திறக்கவில்லை. கடவுச்சொல் தப்பு என்றது. நம்பர் கேட்டால், அவர்கள் யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு போனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. ஜின்சன் கடையை மூடிவிட்டு வந்து மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினான். எவனோ உள்ளே புகுந்து பூட்டையே மாற்றியிருக்கிறான். மெயில் கம்பெனிக்கு முறையிடலாம். கணக்கின் உரிமையாளர் தன் அடையாள அட்டையோடு தானே விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில், மூன்றாவது வரிசையில் இருந்தார்.

எட்டு வருடக் குறிப்பு போனது. முந்நூற்றுச் சொச்சம் பேர். அதில் முக்கால்வாசிப் பேர் செத்தவர்கள், அவர்களுக்கு நஷ்டமில்லை. உயிரோடு இருந்தவர்களில் அழகுத்தாய்க்கு நாக்கில் புற்று. அவள் வலிக்கு விழுங்கும் மார்ஃபின் மாத்திரை வியாழக்கிழமையோடு தீர்ந்தது. எந்த அளவில் தொடங்கி எந்த அளவுக்கு ஏற்றியது என்ற பழைய குறிப்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி, அங்கே பழைய சீட்டைத் தேடி எடுத்து, மருந்து வந்து சேர ஞாயிறு சாயங்காலம் ஆனது. மூன்று நாள் அழகுத்தாய் கத்தினாள். நாக்கு பாதி இல்லாததால் அது வார்த்தையாக வரவில்லை. எப்சிபா மூன்று நாளும் பக்கத்தில் இருந்தாள். இருந்து ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமையே ஜின்சன் அந்த ஆபீசு ஏற்பாட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டான். இந்தத் தடவை யாரும் கைதூக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே கொண்டுபோகவும் ஒன்றும் இருக்கவில்லை.

"ரோசி அக்காட்ட ஒரு வார்த்த கேளுங்க. யாருக்காச்சும் நம்பர் சொன்னாங்களான்னு" என்றான் அவன். "திட்ட வேண்டாம். கேட்டா மட்டும் போதும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு எப்சிபா மலையேறிப் போனாள். ரோசி கல்லில்தான் இருந்தாள். மடியில் போன். எப்சிபாவைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.

"என்ன பிள்ளே செஞ்சு வச்சிருக்கீங்க?" என்றாள். "மூணு நாளு. கீழ் லயத்துல அவ கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. நான் காதப் பொத்திக்கிட்டுப் படுத்தேன். அவரு இருந்திருந்தா விட்டிருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டாருக்கா."

"மருந்து ஏன் கெடைக்கல?"

"பைலு தொலஞ்சு போச்சு."

"யாரு தொலச்சா?"

எப்சிபாவுக்கு அழித்த அந்த வரிதான் கண்ணில் வந்தது.

"நான்தான்க்கா."

ரோசி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச பிள்ள நீ. உன்னய நம்பித்தான விட்டாங்க. இந்தா பாரு, நான் எட்டாங்கிளாசுகூட முடிக்கல. ஒண்ணு தொலச்சிருக்கனா?"

இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள். போனில் பார்த்துப் படித்தால் விளக்கு அணைந்துபோகிறது என்று, வருகிற ஒவ்வொரு நம்பரையும் முதலில் அதில் எழுதிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாள். தேதி, மணி, ஆறு இலக்கம், யாருக்காக என்ற பெயர். ஆகஸ்ட் மாதத்திலிருந்து இருந்தது. குட்டி குட்டி எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பத்து நிமிடம் மட்டும் உயிரோடு இருந்த நம்பர்கள். அழகுத்தாய், அழகுத்தாய், பூவாத்தாள், அழகுத்தாய். சங்கத்தில் மிச்சமிருந்த குறிப்பு அது ஒன்றுதான்.

எப்சிபா கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கணக்கு திறக்காமல் போனதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. நம்பர் இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அன்றைக்குச் சங்கத்து அறையே திறக்கவில்லை.

"இது யாருக்கா கேட்டது?"

"உங்க சங்கத்துல புதுசா ஒரு பையன் சேந்திருக்கானே, அவன்தான். மலையாளத்துக்காரன். நல்ல மரியாத. சேச்சின்னுதான் விளிச்சான். ஒரு நம்பர் வரும், சொல்லித் தரணும்னான். பாலியேட்டிவா மோனேன்னு கேட்டேன். அதே சேச்சின்னான்." ரோசி நோட்டை வாங்கி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "யாருக்குன்னு கேட்டேன். அதுக்குள்ள கட்டாயிருச்சு. ரேஞ்சு போயிருக்கும். அதான் பேரு எழுதல. யாருக்குப் பிள்ளே அது?"

தேயிலைக்கு நடுவே ஒருத்தி யாரையோ கூப்பிட்டுச் சிரித்தாள். யார் கூப்பிட்டாலும் நம்பரைச் சொல்ல வேண்டும் என்று இந்தப் பொம்பளைக்குப் பழக்கிவிட்டது சங்கம். பழக்கிய குரல் எப்சிபாவுடைய குரல்.

சொல்லாமல் போகவும் முடியாது. இன்னொருவன் கூப்பிடுவான்.

"அக்கா, இனிமே யாரு கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்க."

"சரி. நீ கேட்டா சொல்லுதேன்."

"நான் கேட்டாலும் சொல்லாதீங்க."

"நீ கேட்டாலுமா?"

"ஆமாக்கா. புது ஏற்பாடு வந்திருக்கு. ஆளாளுக்கு அவங்கவங்க போன்லயே வரும். இந்தப் போனுக்கு இனி வராது."

ரோசி நோட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ நிற்பது மாதிரி கேட்டாள்.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா பிள்ளே? எட்டுக்கு மூணுன்னு கிட்டுன்னு..."

"இல்லக்கா. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

ரோசி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. எப்சிபா கீழே இறங்கி, வளைவு திரும்புகிற இடத்தில் நின்று பார்த்தாள். ரோசி எழுந்திருக்கவில்லை. போன் மடியிலேயே இருந்தது.