துளசியின் கம்ப்யூட்டர் தானாகத்தான் அணைந்தது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் என் வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கை துளசி போன் செய்தாள். "அக்கா, நான் வேணும்னே கம்ப்யூட்டர ஆஃப் பண்றேனாம். அவரு சொல்றாரு" என்று அழுதாள். மீனை அப்படியே போட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்தேன். (பொய். கை கழுவினேன். மீன் கவிச்சியோடு யார் எழுதுவார்கள்? ஆனால் கோபம் உண்மை.)

முதலில் எழுதிய தொடக்கம் இது:

மழை மெல்லத் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், துளசி தன் கணினியின் முன் கனத்த மனத்தோடு

மழையாவது மண்ணாங்கட்டியாவது. அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். விட்டுவிட்டேன்.

2

நடந்தது இதுதான். கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய மலிவு வீடுகளில் ஒன்றில், துளசி தன் மாமியார் நல்லம்மாளோடு இருக்கிறாள். சிம்பாங் பூலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. புருஷன் யுகேந்திரன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் அவரவர் கம்ப்யூட்டரில், காதில் ஹெட்போனை மாட்டிப் பேசிக்கொண்டே, இன்டர்நெட்டில் கேம் ஆடுவார்கள். திரையில் ஒரு தீவு. அதில் இருவரும் சேர்ந்து மரம் வெட்டி வீடு கட்ட வேண்டும், காட்டுப்பன்றி வந்தால் விரட்ட வேண்டும்.

ஏன், போனில் பேசிக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். நானும் கேட்டேன். போனில் எதைச் சொன்னாலும் "ஞாயித்துக்கெழம பேசலாம்லா" என்று வைத்துவிடுவான். கைக்கு வேலை கொடுத்தால்தான் அவனுக்கு வாய் வரும். அதற்கும் அரைமணி நேரம் பிடிக்கும். வாய் வந்தால் ஒரே பேச்சுதான்: கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, பிள்ளை இல்லை, நீ போய் ஆஸ்பத்திரியில் பார்.

அவள் போய்ப் பார்த்தாயிற்று. அவளிடம் ஒரு குறையும் இல்லை, இனி உங்கள் கணவர்தான் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்ல அவள் வாயெடுத்தால், கம்ப்யூட்டர் டப்பென்று அணைந்துவிடும். திரை கறுப்பு. ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒன்றும் கிடையாது.

"இந்தப் பேச்ச எடுத்தாலே நீ ஆஃப் பண்ணிட்டுப் போயிடற" என்றான் அவன்.

(யுகேந்திரனை வில்லனாக எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். இந்தப் பாத்திரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.)

3

எல்லோரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள்.

ஈப்போவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தேவன் அதை ஆன் பண்ணி மத்தியானம் முழுக்கச் சும்மா விட்டுவைத்தான். அணையவில்லை. "கம்ப்யூட்டர் ஓகேலா அக்கா. ஒங்க வீட்டு கரண்டுதான் சரியில்ல" என்றான். கேம் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். "கடையில எப்படி கேம் ஆடறது?" என்றான். அலாமாக்! கேம் ஆடும்போதுதான் அணைகிறது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டவளிடம் இந்தப் பதில்.

நல்லம்மாள் அத்தையோ, "பாத்தவங்க கண்ணு பட்டுருச்சு" என்றார். அதே வாயால், துளசிக்குச் சூட்டு உடம்பு, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்றும் சொன்னார். சூட்டு உடம்பாம்! எந்த டாக்டர் சொன்னது?

ஒருவர்கூட மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரானாலும் பெண்டாட்டியானாலும் நம் ஆட்களுக்கு ஒரே முறைதான். திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். இங்கே ஒரு பக்கத்துக்குத் திட்டியிருந்தேன். துளசி படித்துவிட்டு, "அக்கா, இது கதையா பிரசங்கமா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன். திட்டியது ஒன்றையும் வாபஸ் வாங்கவில்லை.

4

கடைசியில் அவள் வீட்டில் நானும் துளசியுமே உட்கார்ந்தோம். முதலில் வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தோம். அப்போதும் அணைந்தது. கரண்டின் மேல் பழி போட முடியாது. படம் ஓட்டினோம், அணையவில்லை. உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கி, கேமைப் போட்டோம். எண் ஏறிக்கொண்டே போனது. எழுபது, எண்பது, தொண்ணூறு. நூறை எட்டியதும் டப்.

"சூடுக்கா!" என்று கத்தினாள் துளசி. "சூடாகி, தன்னைக் காப்பாத்திக்க அதுவே அணையுது!"

அவன் வாய் திறக்க அரைமணி. அது கொதித்துப் போகவும் அரைமணி. இவ்வளவுதான் விஷயம்.

பக்கத்து மூடியைக் கழற்றினோம். விசிறிக்கு அடியில் சூட்டை வெளியேற்றும் தகடுகளைக் காணோம். அங்கே கறுப்பாய், பிசுபிசுவென்று ஒரு கம்பளம். மோந்து பார்த்தேன். சாம்பிராணி!

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த இடம் சாமி மேடைக்குக் கீழேதான். வெள்ளிக்கிழமைதோறும் அத்தை சாமிக்குப் புகை காட்டுவார். மகன் வாங்கிய பொருள் என்று கம்ப்யூட்டருக்கும் மூன்று சுற்றுக் காட்டுவார். விசிறி அதை ஆசையாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது அணைய ஆரம்பித்ததும் கண்ணேறு என்று நினைத்து, செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார். இரட்டிப்பு வைத்தியம்.

5

மாமியாரே குற்றவாளி என்று இந்தப் பகுதி

இல்லை. இது சுலபமான வழி. மாமியாரைக் கெட்டவளாக்கிவிட்டு நிம்மதியாய்த் தூங்கப் போகும் கதைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

தகட்டைப் பார்த்ததும் அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "எம்மவன் வாங்கினதாச்சே, நல்லா இருக்கட்டும்னுதானே காட்டினேன்" என்றார். எனக்கு வந்த கோபமும் போகவில்லை, அழுகையும் வந்தது. பழைய பல் தூரிகையால் நாங்கள் சுரண்ட, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தார். சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவி, தகட்டை மாட்டி மூடினோம். துளசி எல்லாவற்றையும் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

6

முடிவு ஒன்று: யுகேந்திரன் மன்னிப்புக் கேட்கிறான். (எழுதினால் துளசியே சிரிப்பாள்.)

முடிவு இரண்டு: துளசி துணிமணிகளைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். இது எனக்கு இனிக்கிற முடிவு. ஆனால் அவளுக்கு அவன் வேண்டும். அவனோடு ஒரு பிள்ளை வேண்டும். அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டாள். அரைமணி போயிற்று. ஒருமணியும் போயிற்று. எண் எழுபதைத் தாண்டவில்லை.

"பரவால்லயே, இன்னிக்கு ஆஃப் ஆவல" என்றான் அவன்.

"சாம்பிராணிங்க. படம் அனுப்பினேன்ல?"

"ம்." கொஞ்ச நேரம் மரம் வெட்டினான். "சரி, ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

துளசி மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "போய்ட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இனிமே நீங்கதான் ஒரு டெஸ்ட் எடுக்கணும். அங்கயே எடுக்கலாங்க. நானும் லீவு போட்டுட்டு வாரேன்."

முதல் தடவையாக அந்த வாக்கியத்தை அவள் சொல்லி முடித்துவிட்டாள். திரையில் யுகேந்திரனின் ஆள் கோடாரியோடு அசையாமல் நின்றான். பிறகு ஆளே இல்லை. தீவில் அவளுடைய ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். துளசியின் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

போனில் செய்தி வந்தது: "என் கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சு. அப்புறம் பேசலாம்."

துளசி அதைப் படித்தாள். சமையலறை வாசலில் நின்ற அத்தைக்கும் படித்துக் காட்டினாள். துளசி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீதானே இந்தக் கதைய எழுதுற. சொல்லு. அது தானா ஆஃப் ஆச்சா, இல்ல அவரு ஆஃப் பண்ணாரா?"

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னவர்களை இத்தனை பக்கம் திட்டிவிட்டேன், இப்போது எந்த வாயால் சொல்வேன்? அவனுடைய கம்ப்யூட்டர் சிங்கப்பூரில் இருக்கிறது. பதிலுக்காக அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னால் முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள் அவளுக்கு.