பிளஸ்ஸியின் ஸ்கேன்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவள் அன்னாள். முப்பது வயதில் வலது கால் மரத்துப்போனது. உடம்பே தன் நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள் மதுரை டாக்டர்கள். வேலை போயிற்று. குளிப்பது, படியேறுவது எல்லாவற்றுக்கும் தங்கை பிளஸ்ஸிதான் துணை.

எம்ஆர்ஐ குழாய்க்குள் படுப்பதென்றாலே அன்னாளுக்கு மூச்சு முட்டும். ஆய்வுக் குழு ஒன்று சக்கரம் வைத்த சின்ன எம்ஆர்ஐ கருவியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்திருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

தலையை மட்டும் உள்ளே வைத்தால் போதும். ஆனாலும் அன்னாள் தயங்கினாள். ஆய்வுக் குழுவின் டாக்டர் ஜெயசித்ரா சிரித்தார்.

"ஒப்பிட்டுப் பாக்க, கூட வந்தவங்களையும் ஸ்கேன் எடுக்கோம். தங்கச்சிக்குச் சம்மதம்னா முதல்ல படுக்கட்டும்."

"ஏட்டி, செத்த நேரம் படுத்துக் காட்டு. பொறவு நான் படுக்கேன்," என்றாள் அன்னாள்.

பிளஸ்ஸி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தாள்.

மதியம் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். அன்னாளுக்குப் புதிதாகப் பாதிப்பு எதுவும் இல்லை. பிறகு அவர் பிளஸ்ஸியைப் பார்த்தார்.

"உங்க படத்துலயும் அக்காவோடது மாதிரி ரெண்டு இடம் வெள்ளையாத் தெரியுது. இந்த மெஷினை வச்சு முடிவு சொல்ல முடியாது. மதுரையில பெரிய மெஷின்ல பாத்துரணும். முன்னாடி கண்ணு மங்குச்சா?"

"போன வருசம் இடது கண்ணு. தானாச் சரியாயிட்டு."

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?" என்றாள் அன்னாள்.

"அதுவா இருக்குமோன்னு தோணுச்சுக்கா. அதான் சொல்லல."

வெளியே வந்ததும் அன்னாள் அழுதாள். "நான்தான உன்னைய படுக்கச் சொன்னேன்!"

"நீ சொல்லாட்டி இல்லாமப் போயிருமா?" பிளஸ்ஸி அக்காவின் கையை உதறிவிட்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்கவில்லை. அன்னாள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய்ச் சேர்ந்தாள்.

மறுவாரம் மதுரையில் அதே நோய் என்று உறுதியானது. சீக்கிரம் தெரிந்ததால் மருந்தில் கட்டுப்படுத்த வழியுண்டு என்றார்கள். கால் விழுமா விழாதா என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறி ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்குள் பிளஸ்ஸி மெல்லக் கேட்டாள்:

"உனக்கு மொதல்ல எப்படிக்கா இருந்துச்சு? எம்புட்டு வலிச்சுது?"

இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. அன்னாள் எதையும் மறைக்காமல் சொல்லத் தொடங்கினாள்.