ரூடியைப் பார்க்க வந்தவர்கள்

சூரிச் நகரின் ஓர்லிகோன் பகுதியில் வாடகைக்கு இருந்த ஒருவர் வீட்டைக் காலி செய்து போனபின், வீட்டுக்காரர் நிலவறையைத் திறந்து பார்த்தார். கண்ணாடித் தொட்டி ஒன்றுக்குள் மணல் மூட்டை போல ஏதோ கிடந்தது. தூக்கி எறிந்துவிடலாம் என்று கிட்டப் போனபோது மூட்டை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. பார்த்தது பிடிக்கவில்லையோ என்னவோ, மறுபடி மூடிக்கொண்டது. தொட்டியின் மேல் ‘ரூடி’ என்று பெயர் ஒட்டியிருந்தது. மனிதர் நல்லவர். உடுப்புக் கூடைக்குள் ஒரு துவாயை விரித்து, மூட்டையை அதில் வைத்து, பக்கத்துத் தெருவில் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. வேணுகாவின் வேலை தொடங்கியது.

வேணுகா அந்த வைத்தியரின் உதவியாளர். சூரிச்சிலேயே பிறந்து வளர்ந்தவள், அப்பா அம்மாவோடு இருப்பவள். பிராணிகளைப் பிடித்துக்கொள்வதுதான் அவள் வேலையில் பெரும்பகுதி. பூனைக்கு நகம் வெட்டும்போதும் அவள்தான் பிடிக்க வேண்டும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கடைசி ஊசி போடும்போதும் அவள்தான் பிடிக்க வேண்டும். முதலாவதைப் பற்றி வீட்டில் வந்து கதையளப்பாள். இரண்டாவதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

ரூடி ஒரு ஆப்பிரிக்க உடும்பு. வெயிலில் அலைந்து, மண்ணைக் கிளறி, பூச்சியும் நத்தையும் தேடித் தின்ன வேண்டிய சாதி. அதை யாரோ நிலவறையில் போட்டு எலியும் பூனைச் சாப்பாடும் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். கழுத்து எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கால்கள் நான்கும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. மேசையில் வைத்தால் வைத்த இடத்தில் இருந்தது.

வைத்தியர் ஹ்யூர்லிமான் அம்மையார் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். ஈரல் முழுக்கக் கொழுப்பு. சாப்பாட்டைக் குறைத்து, நல்ல சூட்டில் வைத்து, எப்படியாவது நடக்க வைத்தால் பிழைக்கலாம். ஈஸ்டருக்குள் ஈரல் தேறவில்லையென்றால் அதை வேதனையில் விட்டு வைப்பது நியாயமில்லை என்றார். காப்பகங்களுக்குத் தொலைபேசி எடுத்தால் எங்கும் இடமில்லை. அப்படியானால் இப்போதே முடித்துவிடலாமா என்று அவர் வேணுகாவைப் பார்த்தார்.

“நான் கொண்டுபோகிறேன்” என்று வேணுகா ஜெர்மனில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தாள். தேறாவிட்டால் இதே மேசையில் அதைப் பிடித்துக்கொள்ளப் போவதும் அவள்தான். யாரோ கொண்டுவந்த நாயைப் பிடிப்பது வேறு, தன் வீட்டில் வைத்துப் பார்த்ததைப் பிடிப்பது வேறு.  ஆனால் வாய் முந்திவிட்டது. உடும்பு வளர்க்க அனுமதி தரும் அரச அலுவலகத்துக்கு வைத்தியரே எழுதித் தற்காலிக அனுமதியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் தம்பி சிந்துஜனின் அறை சும்மா கிடந்தது. அவன் வேலை கிடைத்து சூக் நகரத்துக்குப் போய்விட்டான். அப்பா பலகை வெட்டி, கதவு வைத்த பெரிய கூடு ஒன்று அடித்துக் கொடுத்தார். சூட்டு விளக்குப் பூட்டி, முழங்கை ஆழத்துக்கு மண் நிரப்பினார்கள். அம்மா மயூரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

“ஊரில உடும்பைக் கறி வைக்கிறவை. நீ அதுக்கு லைற் போட்டுப் படுக்க வைக்கிறாய்.”

“அதுக்குச் சுகமில்லை அம்மா.”

“சுகமில்லையோ?” அம்மாவின் குரல் உடனே இறங்கிவிட்டது. “என்ன வருத்தம்?”

ஈரல் என்று வேணுகா சொன்னாள். அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

முதல் வாரங்கள் நன்றாகத்தான் போயின. வேணுகா கடையில் பெட்டி பெட்டியாகக் கரப்பான் வாங்கி வந்தாள். ஆயுள் முழுக்கக் கரப்பானைச் செருப்பால் அடித்த அம்மா, மகள் அதைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் ரூடியைக் கூடையோடு தூக்கித் தராசில் வைப்பாள். நிறை கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது.

வேணுகாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. சாப்பாட்டை இன்னும் குறைத்தாள். நிறை இன்னும் ஏறியது. நடக்க வைக்கலாம் என்று கூட்டைத் திறந்து விட்டால் ரூடி அவளை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் நீந்தட்டும் என்று குளியல் தொட்டியில் விட்டால் அங்கேயும் படுத்துக்கொள்ளும். சாப்பிடாமலே நிறை ஏறுகிறது என்றால் அவள் படித்த படிப்புக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரணம்தான். ஈரல் கைவிட்டு, வயிற்றில் நீர் கட்டுகிறது. அப்படியானால் ஈஸ்டர் வரை இழுத்தடிப்பது பாவம். இந்த வெள்ளிக்கிழமையே வைத்தியரிடம் சொல்லி நாள் குறித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, வைத்தியசாலையில் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை வைத்தியசாலையில் சூடாக்கி பழுதாகிவிட்டது. மத்தியானத்தோடு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வைத்தியரிடம் சொல்ல வந்ததைச் சொல்ல மனம் வராமலே வேணுகா ட்ராம் ஏறினாள்.

வீட்டுக் கதவடியில் ஒரு குவியல் சப்பாத்து. செத்த வீடோ என்று நினைத்தாள். கதவைத் திறந்தால் தேத்தண்ணி வாசம். தம்பியின் அறையில் சாப்பாட்டு மேசைக் கதிரைகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. அம்மாவின் சிநேகிதிகள் சேலையும் குளிர்ச்சட்டையுமாக இருந்து, நோயாளி காதில் விழக்கூடாது என்பது போலத் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கூடு திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு குட்டி மேசை. மேசையில் அவித்த முட்டை, வேகவைத்த கோழி ஈரல், ஒரு சீப்பு வாழைப்பழம், யாரோ யோசிக்காமல் கொண்டுவந்த ஹோர்லிக்ஸ் போத்தல். அவர்களில் மூத்தவரான சிவபாக்கியம் மாமி ஒரு முட்டையை உரித்து, பாதியாக்கி, ரூடியின் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யிறியள்!” என்று வேணுகா கத்தினாள்.

“வா பிள்ளை. சுகம் விசாரிக்க வந்தனாங்கள்” என்றார் மாமி, முட்டையை விடாமல்.

“சுகம் விசாரிக்கவோ? முட்டையும் கொண்டோ?”

“வருத்தக்காரரைப் பாக்க ஆரும் வெறுங்கையோட வருவினமோ? ஈரல் வருத்தமெண்டு அம்மா சொன்னவ. அதுதான் ஈரலும் அவிச்சுக் கொண்டந்தனான். ஈரலுக்கு ஈரல் நல்லது.”

எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டாள். கோயிலில் அம்மா சொன்ன நாளிலிருந்து, அவள் வேலைக்குப் போன பிறகு, இரண்டு பேர் மூன்று பேராக வந்து போயிருக்கிறார்கள். வேணுகா விம்மி அழுத அழுகையெல்லாம் முட்டைக்கும் ஈரலுக்கும் அழுத அழுகை. கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

“நீங்கள் எல்லாரும் சேர்ந்து அதைக் கொல்லுறியள்! உங்களால நான் இண்டைக்கு அதுக்கு ஊசி போடச் சொல்லப் பாத்தனான்!”

 சிவபாக்கியம் மாமி மிச்ச அரை முட்டையைக் கைலேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். எழும்பினார். “வாறன் மயூரி” என்றார். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. மாமி ஒரு வீட்டிலும் தேத்தண்ணி குடிக்காமல் இறங்கியவரில்லை.

எல்லோரும் போனபின் அம்மா கோப்பைகளைக் கழுவினார், வேணுகா துவாயால் துடைத்தாள். கோப்பைகள் உடையாதது ஆச்சரியம்.

“எனக்குத் தெரியாதம்மா முட்டை கூடாதெண்டு. நீ சொன்னனியோ?”

“சாப்பாடு குறைக்கவேணும் எண்டு சொன்னனான்தானே.”

“டொக்டர்மார் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறவை. அதுக்காகக் குடுக்காமல் விடுறதோ? அதுகும் எவ்வளவு ஆசையா எழும்பி வரும், ஆக்களின்ர சத்தம் கேட்டால்.”

வேணுகா துவாயைக் கீழே வைத்தாள். “எழும்பி வருமோ? எங்க?”

“எங்கயோ? மணி அடிச்சால் வாசல் மட்டும் வரும். சிவபாக்கியம் அக்காவுக்குப் பின்னால குசினிக்கும் போகும்.”

வேணுகாவுக்கு நம்ப முடியவில்லை. தன்னிடம் ஒரு அடி வைக்காத ரூடி வாசல் வரை நடந்திருக்கிறது. ஏன் வராது? அவள் போனால் தராசு, வெப்பமானி, கரப்பான் இரண்டு. மாமி போனால் முட்டை. ரூடி சோம்பேறியே தவிர முட்டாள் இல்லை. நடக்கத் தெரிந்த பிராணியை நான் சாகக் கொடுக்கப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகுதான், எப்படி நடக்க வைப்பது என்ற கேள்விக்குப் பதில் சிவபாக்கியம் மாமிதான் என்பது தெரிந்தது. பதில்தான் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த நாள் வேணுகா மாமி வீட்டு மணியை அடித்தாள். மாமி கதவைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனாலும் உள்ளே வரச் சொன்னார்.

“மாமி, நேற்று நான் அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது.”

“முதல்ல ரோல்ஸ் சாப்பிடு. பிறகு கதைப்பம்.”

வேணுகா சாப்பிட்டாள். இரண்டாவதையும் வைத்தார், அதையும் சாப்பிட்டாள். மன்னிப்பு எத்தனை ரோல்ஸில் முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவதை வைக்கும்போதுதான் மாமி பேசினார்.

“நான் இஞ்ச வந்த முதல் வருசம் வின்டர்தூர் ஆஸ்பத்திரியில கிடந்தனான் பிள்ளை. பக்கத்துக் கட்டிலுக்கு ஒவ்வொரு நாளும் ஆக்கள் வந்தினம். பூ வந்தது, கேக் வந்தது. என்னட்ட ஒருத்தரும் வரேல்லை. ஆர் இருந்தது எனக்கு வர? அண்டைக்கு நினைச்சனான், சுகமில்லாமல் ஆர் கிடந்தாலும் போய்ப் பாக்கிறதெண்டு. ஆர் எண்டு நான் பாக்கிறேல்லை.”

வேணுகா மூன்றாவதையும் எடுத்துச் சாப்பிட்டாள். மாமி மேல் கோபப்பட்ட தன் மேலேயே வெட்கம் வந்தது.

“மாமி, நீங்கள் வராமல் விட்டால்தான் அது சாகும்” என்றாள். “வாங்கோ. முட்டையும் கொண்டு வாங்கோ. ஆனால் குடுக்காதேங்கோ. கையில வைச்சுக்கொண்டு முன்னால நடவுங்கோ, அது பின்னால வரும்.”

“காட்டிப்போட்டுக் குடுக்காமல் விடுறதோ? அது பெரிய பாவமெல்லோ.”

“கடைசியில ஒண்டு குடுங்கோ.”

“என்னது?”

“கரப்பான்.”

மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டார். “இடுக்கி இருக்கோ வீட்டில?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து வேலைநாள்களில் அந்த வீட்டு நடைவழியில் ஒரு ஊர்வலம் நடந்தது. முன்னால் சிவபாக்கியம் மாமி, கையில் முட்டை. பின்னால் ரூடி, நாக்கை நீட்டி நீட்டி. அதற்குப் பின்னால் அம்மா, வால் கதவில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள. அறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து குசினி, குசினியிலிருந்து அறை. மற்றவர்களும் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். வாசலில் சப்பாத்து குவிகிறது என்று கட்டிடப் பொறுப்பாளர் வந்து முறையிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு சுற்று நடந்துவிட்டுப் போனார். நடை முடிந்ததும் மாமி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இடுக்கியால் கரப்பானை நீட்டுவார். முட்டையை மிளகுத்தூள் போட்டுத் தானே சாப்பிடுவார். இந்த நடையால் மாமிக்கு இருந்த சீனி வருத்தம் குறைந்ததா என்றால், குறையவில்லை. முட்டையோடு கேக்கும் அல்லவா சாப்பிட்டார்.

தராசு மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு மாலை வேணுகா வந்து பார்த்தபோது கூட்டில் ரூடியைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினால் மண்ணுக்குள்ளிருந்து வால் நுனி மட்டும் தெரிந்தது. தானாகவே குழி தோண்டி உள்ளே போயிருந்தது. அவள் தரையில் சம்மணம் போட்டிருந்து, அந்த வால் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம்தான். ஆனால் நிறை இறங்குவது வேறு, ஈரல் தேறுவது வேறு. உள்ளே என்ன நடக்கிறதென்று ஸ்கேன் மட்டும்தான் சொல்லும். நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை ரூடியைக் கொண்டுபோனாள். அம்மாவும் மாமியும் கூடவே வந்து, நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுவே காத்திருக்கும் அறையில் இருந்துகொண்டார்கள். உள்ளே வைத்தியர் கருவியைத் தயார் செய்தார். வேணுகா கையுறை போடவில்லை. பிடிக்கத்தான் வேண்டுமென்றால் வெறுங்கையால் பிடிக்கிறேன் என்று இருந்தாள். ஒரு கையால் தோளையும் மற்றக் கையால் இடுப்பையும் பிடித்தாள். கைக்குள் சூடு தெரிந்தது. தயவுசெய்து, தயவுசெய்து என்று யாரிடமென்று தெரியாமல் கேட்டுக்கொண்டாள்.

வைத்தியர் குளிர்ந்த பசையை வயிற்றில் தடவியதுதான் தாமதம். ரூடி புஸ்ஸென்று சீறி உடம்பை ஊதிக்கொண்டது. வால் வந்து வேணுகாவின் முழங்கையில் சளீரென்று விழுந்தது. அவள் ஐயோ என்று சொல்வதற்குள் நகங்களை அவள் கையில் ஊன்றி, ஒரே திமிறலில் நழுவி, கதிரை வழியாகத் தரைக்கு இறங்கி ஓடியது. நான்கு கால்களும் நிமிர்ந்து, வயிறு நிலத்தில் படாமல் ஓடி அலமாரிக்குக் கீழே புகுந்துகொண்டது.

வைத்தியர் கருவியும் கையுமாக நின்றார். “இதுவா அந்த மூட்டை?” என்று கேட்டார்.

இரண்டு பேரும் தரையில் முழங்காலிட்டு, துடைப்பத்தால் தள்ளி, துவாயில் சுற்றி, ஒருவழியாக மேசைக்குக் கொண்டுவந்தார்கள். வைத்தியர் திரையை நெடுநேரம் பார்த்தார். ஈரலில் கொழுப்புப் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது, மிச்சமும் வடியும், இனி அந்த ஊசியைப் பற்றி நாம் பேசத் தேவையில்லை என்றார்.

வேணுகா வெளியே வந்தாள். அவள் கையைப் பார்த்ததும் மாமி எழும்பிவிட்டார்.

“ஐயோ பிள்ளை, ரத்தம்! என்ன நடந்தது?”

“பிடிச்சு வைக்க ஏலாமல் போச்சு மாமி” என்றாள் வேணுகா. அழுகை வந்துவிட்டது. அந்த அறைக்குள் எத்தனையோ பிராணிகள் அவள் கைக்குள் அடங்கி, அசையாமல், அப்படியே போயிருக்கின்றன. அவளை அடித்துவிட்டு ஓடியது இது ஒன்றுதான்.

அம்மா அவள் கையைப் பிடித்து, வால் அடித்த தடிப்பைத் தடவிப் பார்த்தார். “நோகுதோ?”

“ஓம் அம்மா” என்று வேணுகா அழுதுகொண்டே சிரித்தாள். “நல்லா நோகுது.”