இரத்தம் கொடுத்த மறுநாள் வந்த அத்தை

மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த மறுநாள் காலை, பிரேக் டீச்சரின் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, செத்து முப்பது வருடம் கழித்து மாடிப்படி ஏறி வந்து, ஹாலில் வாஷிங் மெஷின் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழ்வீட்டுக்காரர் அவளை வாசலில் பார்த்திருக்கிறார். கேட்டைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாராம், அவ்வளவுதான். கொடுத்த டீயை அவள் குடிக்கவில்லை, ஆறும்வரை தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை மார்புக்குக் குறுக்கே கிடந்தது. செத்த வயதிலேயே நின்றுபோனதால், பக்கத்தில் நின்ற அண்ணன் மகள்தான் மூத்தவளாகத் தெரிந்தாள்.

பிரேக் டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியிலிருக்கும் இன்னொரு பிரேக்கைச் சமயம் பார்த்து மிதிப்பது அவள் பிழைப்பு. பெயரும் அதில் வந்ததுதான். இடது மார்பில் பட்டாணி அளவுக் கட்டியைக் குளிக்கும்போது அவளே கண்டுபிடித்தாள். டாக்டரம்மா, கட்டி சின்னது, அதை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்றார். ஆனால் வயது இப்போதுதான் நாற்பதைத் தாண்டியிருக்கிறது, இந்த வகைப் புற்று இந்த வயதில் வந்தால் பரம்பரையைப் பார்க்காமல் கத்தி வைப்பது சரியில்லை, ஜீனில் கோளாறு இருந்தால் ஆபரேஷனே வேறு மாதிரி ஆகலாம் என்றும் சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டார். அம்மா வழியில் எல்லாரும் பல் போகும்வரை இருந்து போனவர்கள். அப்பாவுக்கு இருந்தது ஒரே தங்கை. அவள் காய்ச்சலில் போனாள் என்று அப்பா சொன்னார்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், தங்கை வந்த நாளிலிருந்து ஹால் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார். ரிசல்ட் இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்துக்கொண்டே போனது. உள்ளே கட்டி சும்மா இருக்குமா என்ற நினைப்பு டீச்சரை அரித்தது. ஆளில்லாத ரோட்டிலும் அவள் கால் பிரேக்குக்குப் போயிற்று; பழக வந்தவர்கள் ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டார்கள். ஒரு மதியம் பொறுமை விட்டுப்போய்ச் சமையலறை வாசலில் வழிமறித்து நின்றாள்.

"அப்பா, அத்தைக்கு என்ன வந்துது?"

"அதான் சொன்னேனே. காய்ச்சல்."

"அவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "மார்ல வந்துதும்மா. அப்பல்லாம் அத வெளிய சொல்ல மாட்டாங்க. அவளே மூடி மறைச்சா. வாடை வந்தப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். அப்பாவால உனக்கு வந்துதுன்னு ஆயிடுமோன்னு வாய் வரல." அத்தை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவர் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ரிசல்ட் வந்தபோது கார் ரவுண்டானாவில் நடுங்கிக்கொண்டிருந்தது. பழக வந்தவரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு டீச்சர் போனை எடுத்தாள். கோளாறு இருந்தது, அப்பா வழியில் வந்தது. மறுநாள் நேரில் போனபோது டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டையும் எடுத்துட்டா புதுசா வர்ற வாய்ப்பு ரொம்பவே குறையும். ஆனா இப்ப வந்திருக்கறதுல ஆயுசு கூடும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. கட்டிய மட்டும் எடுத்துட்டு வருஷா வருஷம் ஸ்கேன் பாத்துக்கிட்டும் இருக்கலாம். முடிவு உங்களோடது."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நீங்கன்னா என்ன செய்வீங்க அத்தை?"

வந்த நாளிலிருந்து வாய் திறக்காதவள் அப்போதுதான் பேசினாள். "என்னை யாரும் கேக்கலையேம்மா."

அவ்வளவு நாளும் வராத அழுகை டீச்சருக்கு வந்தது. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மருந்தில் முடி கொட்டி, மறுபடி சுருட்டையாக முளைத்தது. அதே கோளாறு அங்கேயும் புற்றைக் கொண்டுவரலாம் என்பதால், அடுத்த வருடம் கருப்பைப் பக்கத்துச் சினைப்பைகளையும் எடுத்தார்கள்.

டீச்சரின் தம்பிதான் பிடி கொடுக்கவில்லை. கூடப் பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியும், "நான் ஆம்பளக்கா, எனக்கெதுக்கு இந்த டெஸ்ட்டு?" என்றான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போய், பிள்ளைகள் படிக்கிற மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் நாற்காலிக்கும் சேர்த்து டிக்கெட் போட்டார். தம்பி நான்கு நாள் தாங்கினான்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் இடத்தில் நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அப்பா வழியில் யாருக்காவது மார்புப் புற்று உண்டா? தம்பி திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்ற அத்தை முன்னால் வந்தாள்.

"எனக்கு."

"எந்த வயசுல?"

"முப்பத்தி ரெண்டுல வந்துது. முப்பத்தி நாலுல போயிட்டேன்."

நர்ஸ் எழுதிக்கொண்டு, தம்பியைச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்.