எஃப்.எம்.முக்கு வழிவிட்ட மலை

மேப்பிள் பாகு காய்ச்சி முடித்த ஒரு ஏப்ரல் காலையில் சேன்-திபூர்ஸ் ஊரின் தெற்கு மலை உட்கார்ந்துவிட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அலமாரியில் தட்டுகள் கொஞ்சம் குலுங்கின. மலைமேல் மேய்ந்த மான்கள் மேய்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தன. உட்கார வைத்தவள் ரொலாந்த் திஃபோ, பள்ளிக்கூடத்தில் பட்டாணி சூப் காய்ச்சி ஓய்வு பெற்றவள். காரணம் ரேடியோ.

கியூபெக் கனடாவிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்த வருடம், ரொலாந்த் வாசலில் ‘வேண்டும்’ என்று பலகை நட்டாள். தம்பி ஓவிலா அதை உரசிக்கொண்டு ‘வேண்டாம்’ என்று நட்டான். பலகைகளைப் பிடுங்கிய பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லை; அவன் மலைக்கு அந்தப் பக்கம் குடிபோனான். ஆனால் பேச்சே நின்றுபோனது என்றால் அது பொய். நகரத்து ஏ.எம். நிலையத்தில் கெய்தான் நடத்திய பிரெஞ்சு நேயர் நிகழ்ச்சிக்கு ஓவிலா தினமும் காலையில் போன் போட்டு, பனி அள்ளுவதிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஏதாவது சொல்வான். உடனே ரொலாந்த் லைனில் வந்து, “இப்பப் பேசினாரே ஒரு மனுஷன், அவரு மண்டைக்குள்ள மரத்தூள்தான் இருக்கு” என்று ஆரம்பிப்பாள். அவன் முழங்கால் வலி என்று முனகினால், மறுநாள் அவள் பொதுவாக முழங்கால்களைப் பற்றிப் பேசுவாள். இப்படியே வருடங்கள் ஓடின, இருவரும் குறையில்லாமல் இருந்தார்கள்.

பிறகு ஏ.எம்.மை யாரும் கேட்பதில்லை என்று நிலையத்தார் அதை மூடி, பேச்சையெல்லாம் எஃப்.எம்.முக்கு மாற்றினார்கள். ஏ.எம். தரையோடு தவழ்ந்து எந்த மலையையும் தாண்டி வரும். எஃப்.எம். முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஓவிலா பக்கம் தெளிவாகக் கேட்டது. ரொலாந்த் வீட்டில் வெறும் இரைச்சல். ஏரியலைப் புகைபோக்கியில் கட்டினாள், துணிக்கொடியில் கட்டினாள், பலனில்லை. தம்பி இருக்கிறானா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவன் போன் நம்பர் கையில் இருந்தது. ரோஷமும் இருந்தது.

அந்த ஊரில் திட்டுவதென்றால் மாதா கோயில் சாமான்களின் பெயரைத்தான் இழுப்பார்கள். அதுவரை கெட்ட வார்த்தையே வாயில் வராத ரொலாந்த், கொல்லைப்புறத்தில் நின்று மலையைப் பார்த்து, திருக்கிண்ணத்தில் தொடங்கி, நற்கருணைப் பேழைக்குப் போய், ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்தபோது மலை உட்கார்ந்தது. வீட்டுக்குள் ரேடியோ பேசியது.

ஓவிலாவின் குரல். “கெய்தான், எத்தனையோ வாரமா நான் என்ன தப்பாச் சொன்னாலும் மறுத்துப் பேச ஆளில்ல. அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சா? யாராவது போய்ப் பாருங்கப்பா.”

ரொலாந்த் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுப் போன் போட்டாள். “எனக்கு ஒண்ணுமில்ல. மலைதான் மறிச்சுக்கிட்டு நின்னுச்சு, சொல்லி உக்கார வெச்சேன். அந்த ஆளு வாரக்கணக்கா உளறினதையெல்லாம் முதல்லேர்ந்து சொல்லச் சொல்லுங்க, பதில் சொல்லணும்.”

திட்டிய பாவத்துக்காகப் பாதிரியார் அவளைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட்டார். அவருக்கும் இப்போது ரேடியோ நன்றாகக் கேட்டதால் சீக்கிரம் அனுப்பிவிட்டார். மலைச்சரிவில் பனிச்சறுக்கு நடத்தி வந்தவர் மட்டும் சரிவு போச்சே என்று கொஞ்ச நாள் முறைத்தார், பிறகு சமதளத்தில் பாதை போட்டார்.

கோடையில் ஓவிலா மறுபடி லைனில் வந்தான். “மலை உக்காந்ததுலேர்ந்து என் ஜன்னல்ல அந்தம்மா வீட்டுக் கூரை தெரியுது. ஒரு தகடு பேந்து கெடக்கு. மழை வந்தா ஒழுகும்.”

“தெனம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற மனுஷனுக்கு ஏணி கெடையாதாமா?” என்றாள் ரொலாந்த்.

கெய்தான் விளம்பரத்துக்குப் போய்விட்டார். ஓவிலா ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையின் முதுகுமேல் நடந்து வந்து, தகட்டை அடித்து, சூப்பில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிக் குடித்தான். இப்போது இருவரும் ரொலாந்தின் சமையலறையிலிருந்து, ஒரே போனை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, கெய்தானிடம் ஒருவரைப் பற்றி ஒருவர் புகார் சொல்கிறார்கள். மலை எழுந்திருக்கவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை.